முதல் மாண்டலின்: முகப்புக்கு ஸ்ப்ரூஸா சிடாரா, மேலே அரக்கா வார்னிஷா?

எட்டுத்தந்தி எழுதியது:

வணக்கம். முகப்பும் முதுகும் செதுக்கி, இரண்டு எஃப் துளைகளுடன், நீர்த்துளி போன்ற ஏ-வடிவ மாண்டலின் ஒன்று செய்யத் தொடங்குகிறேன். தந்தி நீளம் 352 மி.மீ. வரைபடம், அச்சுச் சட்டம், கிளாம்ப் எல்லாம் தயார். மரத்தில்தான் முடிவுக்கு வர முடியவில்லை.

முகப்புக்கு சிட்கா ஸ்ப்ரூஸ், எங்கல்மன் ஸ்ப்ரூஸ், செஞ்சிடார் மூன்றும் கிடைக்கும். முதுகுக்கும் விலாவுக்கும் கடின மேப்பிள், பெரிய இலை மேப்பிள், ஈட்டி ஆகிய மூன்றில் ஒன்று. கழுத்துக்கு மேப்பிளா மகோகனியா என்பதும் குழப்பம்தான்.

பூச்சுக்கு ஸ்ப்ரே கருவி கிடையாது. கையால் தேய்க்கவோ தூரிகையால் பூசவோதான் முடியும். நடுவில் தேன் நிறமும் ஓரத்தில் அடர்பழுப்பும் வர வேண்டும். அரக்கு, எண்ணெய் வார்னிஷ், பாலியூரத்தேன் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதை எடுக்கலாம்? எந்த வரிசையில் செய்ய வேண்டும்? எங்கே தவறும் என்பதையும் சொன்னால் நல்லது.

---

இழைப்புளி எழுதியது:

முகப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பூச்சு பற்றி மற்றவர்கள் சொல்லட்டும்.

மரத்தின் பெயரைப் பார்த்து வாங்காதீர்கள், பலகையைப் பார்த்து வாங்குங்கள். ஒரே மரத்தின் அடித்துண்டும் மேல்துண்டும்கூட ஒன்றுபோல் இருக்காது. பெயர் சொல்வது சராசரியை மட்டுமே: எங்கல்மன் கன மீட்டருக்குச் சுமார் 385 கிலோ, சிட்கா 425, அடிரான்டாக் எனப்படும் சிவப்பு ஸ்ப்ரூஸ் 435, செஞ்சிடார் 370. கனமான எங்கல்மன் லேசான சிட்காவைத் தாண்டி நிற்பதும் உண்டு.

சிடாரை முதல் கருவிக்கு விட்டுவிடுங்கள். எட்டுத் தந்தியும் சேர்ந்து சுமார் 80 கிலோ இழுவிசை தருகின்றன. தந்தியைத் தாங்கும் கட்டையான குதிரைமேல் தந்தி மொத்தம் 16 பாகை அளவுக்கு மடங்கினால், அங்கே கீழ்நோக்கி அழுத்தும் விசை 22 கிலோவை நெருங்கும். அந்தச் சுமையைப் பல ஆண்டு தாங்குவது செதுக்கிய வளைவுதான். சிடார் ரேகைவாட்டில் எளிதாகப் பிளக்கும், நகம் பட்டாலே பள்ளம் விழும், எஃப் துளை ஓரத்தில் உளி வைத்தால் சில்லு சில்லாகப் பெயரும். அதில் நல்ல மாண்டலின் செய்ய முடியும், ஆனால் தடிமனைக் கூட்டி, வளைவை உயர்த்தி, வேறு கணக்கில் செய்ய வேண்டும். அந்தக் கணக்கு கைக்கு வரும்வரை ஸ்ப்ரூஸே சரி.

பலகையில் முதலில் பார்க்க வேண்டியது ரேகை ஓட்டம். முகத்தில் கோடுகள் நேராகத் தெரிந்தால் போதாது. நார் பலகையின் தடிமனுக்குள் சாய்ந்து ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். ஓரத்திலிருந்து ஒரு துண்டைக் கத்தி வைத்துப் பிளந்து பாருங்கள். பிளவு மேல்முகத்துக்கு இணையாகவே போனால் நல்ல பலகை. 100 மி.மீ. நீளத்தில் 3 அல்லது 4 மி.மீ.க்குமேல் விலகினால் வேண்டாம். அப்படிப்பட்ட பலகையைப் பிரித்து இரு பாதியாக ஒட்டினால், வெளிச்சத்தில் ஒரு பாதி வெளுத்தும் மறு பாதி கறுத்தும் தெரியும். கருவியைத் திருப்பிப் பிடித்தால் வெளுத்த பக்கம் மாறும். எந்தச் சாயத்தாலும் அதை மறைக்க முடியாது. நார் வெட்டுப்பட்ட இடத்தில் வலுவும் குறையும்.

அடுத்தது ஆண்டு வளையங்களின் நிலை. பலகையின் முனையில் பார்த்தால் வளையங்கள் முகத்துக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். பத்துப் பாகை சாய்ந்தாலே ஸ்ப்ரூஸின் குறுக்கு விறைப்பு குறையத் தொடங்கிவிடும். வளையம் நெருக்கமா இடைவெளியா என்பதில் அவ்வளவு கவலை வேண்டாம். அங்குலத்துக்கு எட்டுக் கோடு உள்ள பலகை, இருபது கோடு உள்ளதைவிட விறைப்பாக இருக்கக்கூடும். முகத்தில் பட்டுபோல் மினுங்கும் குறுக்குத் திட்டுகள் தெரிந்தால் அறுப்பு சரியாக இருக்கிறது என்று பொருள்.

பிறகு அளந்து பாருங்கள். பலகையோடு வந்த கழிவுத் துண்டிலிருந்து 300 மி.மீ. நீளம், 25 மி.மீ. அகலம், சரியாக 4 மி.மீ. தடிமனில் ரேகைவாட்டில் ஒரு கீற்று எடுங்கள். 280 மி.மீ. இடைவெளியில் இரண்டு கட்டைமேல் வைத்து நடுவில் 1 கிலோ தொங்கவிடுங்கள். சராசரி சிட்கா 3 மி.மீ. அளவு தொய்யும், எங்கல்மன் மூன்றரை, சிடார் நான்கைத் தாண்டும். தடிமனைக் காலிப்பரால் அளந்தே ஆக வேண்டும், 4 மி.மீ. என்பது 4.2 ஆகிவிட்டால் விறைப்பு 16 சதவீதம் கூடிக் கணக்கே பொய்யாகும். அதே கீற்றை எடைபோட்டு அடர்த்தியையும் குறித்துக்கொள்ளுங்கள். அடர்த்தி குறைவாகவும் தொய்வு குறைவாகவும் இருப்பதுதான் நமக்கு வேண்டிய பலகை.

தடிமனை இந்த அளவைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். சராசரி சிட்காவுக்கு நடுவில் 4.6, விளிம்பையொட்டி ஓடும் ஓரக் குழிவில் 2.8 மி.மீ. என்று தொடங்குங்கள். எங்கல்மன் என்றால் நடுவில் 5, குழிவில் 3.1. எஃப் துளையைச் சுற்றி மூன்றரைக்குக் கீழே இறங்க வேண்டாம். ஓரக் குழிவில் 0.3 மி.மீ. மிச்சம் வைத்தே பெட்டியை மூடுங்கள். முகப்பு ஆடுவதற்குக் கீல் போல இருப்பது அந்தக் குழிவுதான். மூடிய பிறகு வெளியிலிருந்து ஸ்கிரேப்பர் எனும் எஃகுத் தகட்டால் சுரண்டி, விரலால் தட்டிக் கேட்டு இறக்கலாம். முதலிலேயே மெலித்துவிட்டால் திரும்பச் சேர்க்க வழியில்லை.

ஆப்பு வடிவில் அறுத்த இரு பாதியும் குறைந்தது 140 மி.மீ. அகலம், 400 மி.மீ. நீளம், கனத்த ஓரம் 25 மி.மீ. இருக்கட்டும். ஒட்டுவதற்கு முன் 45 சதவீத ஈரப்பதம் உள்ள அறையில், இடையில் குச்சி வைத்து அடுக்கி, எடை மாறாமல் நிற்கும்வரை காயவிடுங்கள். மரத்தின் ஈரம் 8 முதல் 9 சதவீதத்துக்குள் வர வேண்டும்.

---

நூக்குமரம் எழுதியது:

முகப்பைப் பற்றி இழைப்புளி சொன்னது அத்தனையும் சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: முகப்பைத் தாங்க உள்ளே ஒட்டும் டோன் பார் கட்டைகளையும் அதே ஸ்ப்ரூஸிலிருந்து பிளந்து எடுங்கள், ரம்பத்தால் அறுக்க வேண்டாம். அகலம் 6 முதல் 7 மி.மீ., வளையங்கள் முகப்புக்குச் செங்குத்தாக. பிளந்த மரத்தில் நார் முனையிலிருந்து முனைவரை தொடர்ந்து ஓடும்.

இனி முதுகு. ஈட்டி அழகான மரம்தான், ஆனால் உங்கள் கருவிக்கு நான் சொல்ல மாட்டேன். கன மீட்டருக்கு 830 கிலோ. மேப்பிளுக்கு உரிய தடிமனிலேயே செதுக்கினால் முதுகின் எடை ஏறக்குறைய பாதிவரை கூடும். ஒலி நீண்டு நிற்கும். ஆனால் எஃப் துளை மாண்டலினில் தாள வெட்டுக்கு வேண்டிய சட்டென்று எழுந்து அடங்கும் தன்மை மழுங்கும். செதுக்கும்போது உளி முனை அடிக்கடி மழுங்கும். எண்ணெய்ப்பசை உள்ள மரம் என்பதால் ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோன் துணியால் துடைக்காவிட்டால் ஒட்டு பிரியும். ஈட்டி சேர்ந்த டால்பெர்ஜியா பேரினம், பிரேசில் ஈட்டி தவிர முழுவதும், 2017 ஜனவரி 2 முதல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரில் விலக்கு வந்துவிட்டது என்றாலும், பலகையாக எல்லை தாண்டுவதற்குத் தாள் வேண்டும். பிரேசில் ஈட்டி 1992-லிருந்தே முதலாம் பட்டியலில். அதற்கு அந்த விலக்கும் பொருந்தாது.

மேப்பிளில் இரண்டுக்கும் வித்தியாசம் பெரிது. கடின மேப்பிள் 705 கிலோ, பெரிய இலை மேப்பிள் 545. கடினத்தில் ஒலி கூர்மையாகவும் முன்னே பாய்வதாகவும் இருக்கும், செதுக்கக் கை வலிக்கும். பெரிய இலை மேப்பிளில் ஒலி கொஞ்சம் உருண்டு வரும், உளிக்கு வெண்ணெய்போல் இறங்கும், அலை அலையான உருவமும் அதில் ஆழமாக வரும். முதல் கருவிக்கு என் வாக்கு பெரிய இலைக்கே. நடுவில் 4.5, குழிவில் 2.8 மி.மீ. வைத்துக்கொள்ளுங்கள். கடினம் என்றால் இரண்டிலும் 0.3 குறைக்கலாம். நடுத்தரமாக வேண்டுமென்றால் 610 அளவில் நிற்கும் செம்மேப்பிள் இருக்கிறது.

முதுகிலும் வளையங்கள் செங்குத்தாக இருப்பது நல்லது. காரணம் ஒலியைவிட அசைவு. கடின மேப்பிள் முழுதாகக் காயும்போது ஆரவாட்டில் 4.8 சதவீதமும் வளையவாட்டில் 9.9 சதவீதமும் சுருங்கும். 254 மி.மீ. அகல முதுகில் மரத்தின் ஈரம் 4 சதவீதம் ஏறினால், வளையம் செங்குத்தாக நிற்கும் ஆரவாட்டு அறுப்பு 1.6 மி.மீ. விரியும், வளையம் படுத்திருக்கும் தட்டை அறுப்பு 3.4 மி.மீ. ஓரம் முழுக்க ஒட்டியிருப்பதால் அந்த விரிவு வளைவில்தான் போய் நிற்கும். கழுத்தின் சாய்வு மாறி, தந்தி உயரமும் அதோடு மாறும்.

விலாவை 2 மி.மீ. தடிமனுக்கு இழைத்துச் சூட்டுக் குழாயில் வளைக்க வேண்டும். அலை உருவம் உள்ள மேப்பிள் ஒவ்வொரு அலையிலும் முறியப் பார்க்கும், ஏனென்றால் அங்கே நார் மேலும் கீழும் புரண்டு ஓடுகிறது. வெளிப்பக்கத்தில் மெல்லிய எஃகுப் பட்டை வைத்து, மரத்தையும் பட்டையையும் சேர்த்துப் பிடித்து வளையுங்கள். லேசாக நனைத்தால் போதும். ஊறவைத்தால் காயும்போது அலைக்கு அலை நெளிந்து நிற்கும். உருவம் ஆழமாக இருந்தால் 1.8 மி.மீ. வரை மெலிக்கலாம்.

கழுத்துக்கு மேப்பிளே வையுங்கள். மகோகனி லேசு, செதுக்கவும் எளிது, ஆனால் மாண்டலின் கழுத்து ஒல்லி. 590 கிலோ மகோகனியைவிட மேப்பிள் அந்த ஒல்லியிலும் வளையாமல் நிற்கும். அதிலும் அலை உருவம் இல்லாத நேர் ரேகைத் துண்டாகத் தேடுங்கள். அழகான அலை கழுத்தின் விறைப்பைக் குறைக்கும். கழுத்து வளையாமல் இருக்க உள்ளே வைக்கும் ட்ரஸ் ராட் கம்பி கட்டாயம். விரற்பலகைக்குக் கருங்காலி. குதிரைக்கும் அதுவே. அடிப்பாகம் முகப்பில் இடைவெளி இல்லாமல் உட்கார வேண்டும் என்பதைவிட அதன் மரம் பெரிய விஷயமில்லை.

---

அரக்குச்சிமிழ் எழுதியது:

பூச்சுக்கு வருகிறேன். அது எவ்வளவு கனம் என்பது எந்தப் பூச்சு என்பதைவிட முக்கியம். ஏ-வடிவ முகப்பின் பரப்பு சுமார் 600 சதுர செ.மீ., எடை 90 கிராம் அளவில் வரும். பூச்சு 0.1 மி.மீ. இருந்தால் அதன்மேல் ஆறேழு கிராம் ஏறுகிறது. 0.3 மி.மீ. ஆகிவிட்டால் 20 கிராம், அதாவது முகப்பு எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குமேல். அவ்வளவு பாடுபட்டு ஓரக் குழிவை இறக்கிவிட்டு, அதே இடத்தில் பிளாஸ்டிக் ஓடு போர்த்துவதில் பொருளில்லை. பாலியூரத்தேனை நான் தள்ளுவது இதனால்தான். கையால் மெல்லியதாகப் பூசுவது கடினம். பின்னால் கீறல் விழுந்தால் புதுப் பூச்சு பழையதோடு கரைந்து சேராமல் விளிம்பு தெரியும்.

ஸ்ப்ரே இல்லாத கைக்கு அரக்குதான். ஃப்ரெஞ்ச் பாலிஷ் முறையில், அதாவது பஞ்சுப் பொதியால், தேய்த்தால் 0.05 மி.மீ.க்குள்ளேயே கண்ணாடிபோல் நிற்கும். தவறினால் ஸ்பிரிட்டால் துடைத்து மறுபடி தொடங்கலாம்.

மெழுகு நீக்கிய அரக்குச் செதிலையே வாங்குங்கள். 95 சதவீதத்துக்குக் குறையாத எத்தனால், 100 மி.லி.க்கு 24 கிராம் செதில். பொடித்துப் போட்டு, அடிக்கடி குலுக்கி ஒரு நாள் வைத்து, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். இது தேய்ப்புக் கரைசல். அடிப்பூச்சுக்கு இதில் பாதியைச் சம அளவு எத்தனாலில் நீர்த்துக்கொள்ளலாம். மெத்தனால் கலந்த ஸ்பிரிட் வேண்டாம், தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடலுக்குள் போகும் நஞ்சு அது. புட்டியில் தேதி எழுதி வையுங்கள். பழைய கரைசலில் அரக்கும் ஆல்கஹாலும் வினைபுரிந்து, பூசினால் காயாத பிசினாகிவிடும். கண்ணாடித் துண்டில் ஒரு துளி விட்டு, மறுநாள் நகத்தால் அழுத்திப் பாருங்கள். பள்ளம் விழுந்தால் கொட்டிவிட வேண்டியதுதான்.

மரத்தைத் தயார் செய்யும்போது ஸ்ப்ரூஸைத் தாளால் தேய்க்காமல் ஸ்கிரேப்பரால் முடியுங்கள். உப்புத்தாள் வளையத்துக்கு இடையில் உள்ள மென்மையான பகுதியைத் தோண்டிவிட்டு கடினக் கோட்டை மேடாக விட்டுவிடும். பளபளப்பு ஏறியதும் அந்த மேடுபள்ளம் சலவைப் பலகைபோலத் தெரியும். மேப்பிளை 220, பிறகு 320 தாள். ஈரத் துணியால் ஒருமுறை துடைத்து, எழும் நாரைக் காய்ந்த பின் 320 தாளால் தட்டிவிடுங்கள். இதை இரண்டு முறை செய்தால் நீர்ச்சாயம் பூசும்போது நார் எழாது.

சாயம் பற்றி ஒன்று கவனியுங்கள்: மேலே என்ன பூச்சு என்று முடிவு செய்துவிட்டுத்தான் சாயம் வாங்க வேண்டும். அரக்குக்கு அடியில் ஸ்பிரிட்டில் கரையும் சாயம் போட்டால், தேய்க்கும் பஞ்சுப் பொதி சாயத்தையும் இழுத்துக்கொண்டு வரும். பழுப்பு ஓரம் நடுவே தீற்றலாகக் கிடக்கும். நீரில் கரையும் அனிலின் சாயம் போட்டால் அந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லை.

தேய்ப்பு முறை சுருக்கமாக: நீர்த்த அரக்கு மூன்று கை (மூன்று முறை பூச்சு), ஒவ்வொன்றுக்கும் இடையே இரண்டு மணி நேரம். பிறகு உள்ளே பருத்திப் பஞ்சும் வெளியே துவைத்த லினன் துணியும் வைத்த பொதியில் கரைசலை நனைத்து, முதலில் வட்டமாகவும், அடுத்து எட்டு வடிவிலும், கடைசியில் ரேகைவாட்டிலும். பொதி ஒட்டி இழுத்தால் விரல்நுனியால் ஒரு துளி எண்ணெய். ஓடிக்கொண்டிருக்கும் பொதியை நடுவில் நிறுத்தக் கூடாது. நின்ற இடத்தில் அடியில் உள்ளது கரைந்து பிய்ந்து வரும். விமானம் தரை தொட்டு எழுவதுபோல் பக்கவாட்டில் இறங்கிப் பக்கவாட்டில் ஏறுங்கள். நாளுக்கு ஓர் அமர்வு, எட்டு முதல் பத்து நாள். இரண்டு வாரம் காயவிட்டு 1500 தாளால் லேசாக மட்டம் செய்து, ஏறக்குறைய வெறும் ஸ்பிரிட் ஈரம் மட்டும் உள்ள பொதியால் எண்ணெயை இழுத்து எடுத்துவிடுங்கள். எண்ணெய் உள்ளே தங்கினால் சில வாரத்தில் மேலே மங்கலாக வியர்க்கும்.

காற்றில் ஈரம் மிகுந்த நாளில் தேய்த்தால் வெள்ளைப் புகை படியும். ஆல்கஹால் ஆவியாகும் குளிர்ச்சியில் காற்றின் ஈரம் படத்துக்குள் சிக்குவதுதான் காரணம். காய்ந்த நாளில் ஸ்பிரிட் பொதியால் ஒருமுறை ஓட்டினால் போய்விடும்.

---

ஆளிவிதை எழுதியது:

அரக்குச்சிமிழ் சொல்லும் முறையில் குறை இல்லை, ஆனால் ஒரு பக்கம்தான் சொல்லியிருக்கிறார். அரக்கு வியர்வைக்கும் ஆல்கஹாலுக்கும் தாங்காது. முன்கை படும் ஓரத்திலும் கழுத்தின் முதுகிலும் சில மாதத்தில் இளகி மங்கும். தினமும் வாசிக்கும் கருவிக்கு எண்ணெய் வார்னிஷ் நெடுநாள் நிற்கும். கையால் பூசவும் முடியும்.

1922 முதல் 1924 வரை கிப்சன் நிறுவனத்தின் ஒலியியல் பொறியாளர் லாய்ட் லோர் கையெழுத்திட்டு வந்த எஃப்-5 மாண்டலின்களை இன்றும் எல்லோரும் அளவுகோலாகக் காட்டுகிறார்கள். அவற்றில் ஸ்ப்ரூஸ் முகப்பு, மேப்பிள் முதுகு, மேலே வார்னிஷ். நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் 1920-களின் நடுவில்தான் அங்கே வந்தது. அந்த ஒலிக்கு வார்னிஷ் மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. மெல்லிய வார்னிஷ் ஒலியைக் கெடுக்காது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

எண்ணெய் வார்னிஷ் என்பது ஆளி விதை எண்ணெயில் பிசினைக் காய்ச்சிச் சேர்த்தது. அதை வெறும் ஸ்ப்ரூஸில் நேரடியாகப் பூசாதீர்கள். வளைவின் சரிவில் நார் முனை வெளிப்படும் இடமெல்லாம் எண்ணெயைக் குடித்துக் கறுத்துத் திட்டாகும். நீர்த்த அரக்கு இரண்டு கை பூசி அடைத்துவிட்டு, அதன்மேல் வார்னிஷ். டர்பன்டைனில் பத்தில் ஒரு பங்கு இளக்கி, மென்மையான தட்டைத் தூரிகையால், முடிந்த அளவு குறைவாக எடுத்து இழுத்துப் பூச வேண்டும். கையில் தடவிப் பரப்பி, பின் தூரிகையால் ஓட்டினாலும் நன்றாக வரும். நாளுக்கு ஒரு கை, புற ஊதா விளக்குப் பெட்டியில் தொங்கவிட்டுக் காயவைக்கலாம். வெயிலில் வைக்கும் யோசனை வேண்டாம், சூட்டில் ஒட்டு இளகி விரிசல் வரும். ஐந்து கை போதும். மூன்றாவது கைக்குப் பிறகுதான் 600 தாள். அதற்கு முன் தேய்த்தால் வளைவின் உச்சியிலும் ஓரத்திலும் சாயம்வரை போய்விடும்.

கனமாகப் பூசினால் மேல்தோல் முதலில் காய்ந்து அடியில் ஈரம் நிற்கும். அது பின்னால் சுருங்கும்போது மேலே தோல் சுருக்கம் விழும். அப்படியானால் அந்த இடத்தைச் சுரண்டி எடுப்பதைத் தவிர வழியில்லை. கடைசிக் கைக்குப் பிறகு நான்கு வாரம் தொடாமல் வையுங்கள். விரைந்து மெருகேற்றினால் பெட்டியின் துணி அச்சு அப்படியே பதியும்.

எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். ஆளி விதை எண்ணெய் காற்றோடு சேரும்போது சூடு உண்டாகி, சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கும். விரித்துத் திறந்த வெளியில் காயப்போடுங்கள், அல்லது நீர் நிறைந்த மூடிய டப்பாவில் போடுங்கள்.

---

எட்டுத்தந்தி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. சிட்கா முகப்பு, பெரிய இலை மேப்பிள் முதுகும் விலாவும், மேப்பிள் கழுத்து என்று முடிவு செய்துவிட்டேன். பூச்சு, அரக்கு அடைப்புக்குமேல் எண்ணெய் வார்னிஷ். இரண்டு சந்தேகம். கழிவு ஸ்ப்ரூஸில் பழுப்புச் சாயம் தேய்த்துப் பார்த்தேன், ரேகைக் கோடுகள் தலைகீழாகி, மென்மையான பகுதி கறுத்தும் கோடு வெளுத்தும் வந்துவிட்டது. இரண்டாவது, கழுத்துக்கும் இதே வார்னிஷா?

---

அரக்குச்சிமிழ் எழுதியது:

வார்னிஷ் எடுத்தாலும் அடைப்புக்கு அரக்கு வருகிறதே, மகிழ்ச்சி. அந்த அடைப்பும் சாயத்தைக் கரைக்கக் கூடியதுதான், ஆகையால் நீர்ச்சாயம் என்பது இங்கும் பொருந்தும். முதல் கையை இரண்டு முறை ஒரே இடத்தில் ஓட்டாமல் ஒரே வீச்சில் விடுங்கள்.

ரேகை தலைகீழாவது ஸ்ப்ரூஸின் இயல்பு. வளையத்தின் மென்மையான பகுதி நிறைய உறிஞ்சும், கடினக் கோடு உறிஞ்சாது. அதற்கு முன் வச்சிரப் பசையை மிக நீர்க்கக் கரைத்து, 100 மி.லி. வெந்நீருக்கு 3 கிராம் அளவில், ஒரு கை பூசிக் காயவிட்டு 320 தாளால் தொட்டுவிடுங்கள். உறிஞ்சல் சமமாகும். முகப்பு முழுதும் முதலில் நீர்த்த மஞ்சள், லிட்டருக்கு 4 கிராம் அளவு. அது காயும் முன்பே ஓரத்திலிருந்து உள்நோக்கிப் பழுப்பு. எல்லையை ஈரமான வெறும் துணியால் கரைத்துவிட வேண்டும். ஒரே அடியில் அடர்த்தியாக வேண்டாம், நீர்த்த பழுப்பு மூன்று நான்கு முறை. முதுகில் அலை உருவம் எழும்ப வேண்டுமானால், பழுப்பை முதலில் முழுவதும் பூசி, காய்ந்ததும் 320 தாளால் பெரும்பகுதியை எடுத்துவிட்டு, பிறகு மஞ்சள். அலையில் நார் முனை உள்ள இடத்தில் பழுப்பு தங்கி ஆழம் காட்டும்.

சாயம் போட்டதும் பசைக்கறை இருந்தால் வெள்ளைத் திட்டாகக் கண்ணில் அறையும். வெள்ளைப் பசை பயன்படுத்தியிருந்தால் இது கட்டாயம் வரும். சாயத்துக்கு முன்பு ஒட்டுக் கோடுகளை நீரால் நனைத்துப் பாருங்கள், பசை உள்ள இடம் நிறம் மாறாமல் நிற்கும். அங்கே ஸ்கிரேப்பர். ஓரப் பட்டையில் ஏறிய சாயத்தை, அடைப்புப் பூசுவதற்கு முன்பே கத்தி முனையால் சுரண்டிவிடுங்கள்.

---

ஆளிவிதை எழுதியது:

கழுத்தின் முதுகுக்கு வார்னிஷ் வேண்டாம், வியர்வையில் ஒட்டும். சாயமும் அரக்கு அடைப்பும் குதிகால் வளைவுவரை கொண்டுவந்து, கை ஓடும் பகுதியில் மரத்தை வெறுமையாக விட்டு, பாலிமரான ஆளி விதை எண்ணெய் இரண்டு கை தேய்த்துத் துடைத்து எடுங்கள். ட்ரு-ஆயில் போன்ற துப்பாக்கிக் கட்டை எண்ணெயும் சரி. இரு பூச்சும் சேரும் எல்லையை 1000 தாளால் மெல்லக் கரைத்துவிட்டால் விரலுக்குத் தெரியாது.

---

இழைப்புளி எழுதியது:

சாயத்துக்கு அவசரப்பட வேண்டாம். முதலில் பூச்சில்லாத வெள்ளை மரத்திலேயே தந்தி கட்டி, முழுச் சுருதியில், ஜி-டி-ஏ-ஈ வைத்து ஒரு வாரம் விடுங்கள். முதல் நாள் குதிரை அடியில் முகப்பின் உயரத்தை ஓரத்திலிருந்து நேர்கோல் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். கொஞ்சம் இறங்கி நின்றால் சரி. வாரம் முடிந்தும் இறங்கிக்கொண்டே போனால் நடு மெலிந்திருக்கிறது, அல்லது டோன் பார் ஒட்டு பிடிக்கவில்லை. பூச்சுக்கு முன்பு என்றால் சிறு கண்ணாடியை எஃப் துளை வழியாக விட்டுப் பார்த்துச் சரிசெய்யலாம். ஒலி கம்மியாக, இறுக்கமாக இருந்தால் வைத்திருந்த 0.3 மி.மீ. மிச்சத்தை ஓரக் குழிவில் இப்போதுதான் இறக்க வேண்டும், கீழ்ப்பகுதி முழு வளைவிலும் சமமாக, நடுநடுவே தந்தியை இளக்காமலே வாசித்துப் பார்த்து.

குதிரையின் அடியையும் இந்த நிலையிலேயே பொருத்திவிடுங்கள். முகப்பின்மேல் 120 தாளைச் சொரசொர முகம் மேலே தெரியும்படி ஒட்டி, குதிரை நிற்கும் இடத்தில் அதை முன்னும் பின்னும் சிறிதளவு ஓட்டினால் வளைவு அப்படியே படியும். பக்கவாட்டில் ஆட்டினால் ஓரம் உருண்டுவிடும். கடைசியில் 320. வார்னிஷ் காய்ந்த பிறகு அதே 320 தாளை வைத்துப் பத்துப் பதினைந்து ஓட்டு மட்டும்.

தந்தியைக் கழற்றியதும் கைப்பட்ட இடமெல்லாம் வியர்வை ஏறியிருக்கும். ஒருமுறை முழுதும் ஸ்கிரேப்பர் ஓட்டிவிட்டுச் சாயத்தைத் தொடங்குங்கள்.